இரண்டு கூரைகளுக்கு நடுவே

மூன்று நாளாக வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. ஆனாலும் கூரையில் பனி உருகியிருந்தது.

மர மில்லில் இரவு வேலை முடித்து, காலை ஏழரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதுதான் ரோசேர் அதைப் பார்த்தார். ராத்திரி முழுக்கப் பெய்த புதுப்பனி முற்றத்தையும் தபால் பெட்டியையும் விறகுக் குவியலையும் வித்தியாசம் தெரியாமல் மூடியிருந்தது. கூரைமீதும் ஒரு முழம் நின்றது. கூடத்துக்கு நேர் மேலே மட்டும், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தகரம் கறுப்பாகத் தெரிந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா, இந்தப் பக்கம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். இரண்டு கரையிலும் பிறந்தவர்களுக்குக் கூரையைப் பார்த்தே வீட்டின் யோக்கியதையைச் சொல்லத் தெரியும். எங்கே பனி உருகுகிறதோ அங்கே உள்ளிருக்கும் சூடு ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒருவர் கூரையைப் பார்த்து இன்னொருவர் வம்பளப்பதுதான் டிசம்பர் மாதத்துப் பொழுதுபோக்கு. ஆனால் ஒழுகுவதற்கு முதலில் உள்ளே சூடு இருக்க வேண்டுமே! தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க வைத்த ஒரு சின்ன மின் கணப்பைத் தவிர அந்த வீட்டில் ஒன்றும் எரியவில்லை. உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

போன வாரம் அந்தக் கறுப்புத் திட்டு படுக்கையறைக்கு மேலே இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவர் மனைவி ஜெனீன் படுக்கையறையில் படுத்திருந்தாள். ஹீட்டர் நின்ற பிறகுதான் கூடத்து சோபாவுக்கு வந்தாள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எங்கோ ஒரு மூலையில் தோன்றியது. பத்து மணி நேரம் மரம் தள்ளிவிட்டு வந்த உடம்பில் அதற்குத் தெம்பில்லை. கண் எரிந்தது. படியில் இருந்த பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

ஜெனீன் மூன்று போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"காபி போட்டு வச்சேன். ஆறிப்போச்சு. என் கை பட்டா எல்லாமே ஆறிடுது" என்றாள்.

"காய்ச்சல் கம்பி வச்சுப் பார்த்தியா?"

"தொண்ணூத்தஞ்சு."

போன மாதம் தொண்ணூற்றாறு. கோடையில் தொண்ணூற்றேழு. இந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வருடத்தில் அவள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டே வந்தது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள். ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார்கள். ஆகஸ்டில் நான்கு நாள் தம்பி வீட்டில் போய் இருந்தபோது கன்னம் சிவந்து திரும்பினாள். கறிச்சாறும் ஊர்க்கதையும் செய்த வேலை என்று எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய நிலைமை. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் இதயம் தாங்காது, உடனே கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று சாயங்காலம் புயல். இரவு மைனஸ் இருபத்தைந்து. ஹீட்டர் பழுது பார்ப்பவன் அடுத்த வியாழக்கிழமைதான் வருவான். பட்ட காலிலே படும் என்பது ரோசேர் விஷயத்தில் பழமொழியாக இல்லாமல் தினப்படி நடப்பாகவே ஆகிவிட்டது.

அதனால்தான் விறகடுப்பு.

ஜெனீனின் தம்பி ஆல்டன் ஒன்பது மணிக்கு வந்தான். ஊராட்சிப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். வேட்டைக்குப் போகும்போது தங்குகிற தன் குடிசையிலிருந்து இரும்பு அடுப்பையும், புதிதாக வாங்கிய இரட்டைச் சுவர் எஃகுக் குழாய்களையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தான். ஐம்பது வயதிலும் வாய் அடங்காது.

"என்னக்கா, ஐஸ்பெட்டிக்குள்ள குடித்தனம் நடத்துறே? இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்கு வந்துடேன்."

"உன் பெண்டாட்டி நாக்குக்கு இந்த வீடே தேவலை."

"அதுவும் வாஸ்தவம்தான். நான் பத்தொம்பது வருஷமா அங்கதான் நடுங்கிட்டிருக்கேன்" என்றான் ஆல்டன். பிறகு ரோசேரின் முகத்தைப் பார்த்தான். "மச்சான், நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

"அடுப்பு எரியட்டும். தூங்குறேன்."

அவர்கள் குடியிருந்தது டிரெய்லர் வீடு, அதாவது தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தில் இழுத்து வந்து இறக்கி வைக்கிற நீளப் பெட்டி. அதன் தட்டைத் தகரக் கூரை இந்த ஊர்ப் பனியைத் தாங்காது. அதனால் பெரும்பாலானவர்கள் அதற்கு மேலேயே மரச்சட்டம் அடித்துச் சாய்வாக இரண்டாவது கூரை போட்டுவிடுவார்கள். பழையதைக் கழற்றுவதில்லை, வேலை மிச்சம். இரண்டுக்கும் நடுவே, மத்தியில் ஆள் குந்தி உட்காரலாம், ஓரத்தில் கைதான் நுழையும் என்கிற மாதிரி ஓர் இருட்டு மிஞ்சும். அதற்கு வாசல் கிடையாது. இந்த வீட்டுக்கு மேல்கூரை போட்டவர் இவர்களுக்கு முன்பு இருந்தவர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டார்.

அடுப்பைக் கூடத்து மூலையில், சோபாவுக்கு இரண்டு கஜம் தள்ளி வைத்துத் தரையோடு போல்ட்டு முடுக்கினார்கள். அடுப்புக்கு மூச்சு விட ஒரு குழாயைத் தரை வழியாகக் கீழே இறக்கினார்கள். வீட்டைச் சுற்றிக் குளிருக்கு அண்டக் கொடுத்திருந்த வைக்கோல் கட்டுகளில் ஒன்றை ஆல்டன் உதைத்து நகர்த்திக் காற்றுக்கு வழி செய்தான். அடுத்தது உள்கூரை, அறைக்குள்ளிருந்து தெரிகிற பலகை. தாளில் வட்டம் வரைந்து ஒட்டிவிட்டு ரோசேர் ஏணியில் ஏறி ரம்பத்தால் அறுத்தார்.

வட்டம் விழுந்ததும் அவர் முகத்தில் சூடு பட்டது.

அடுப்புச் சூடில்லை. வெயில் சூடுமில்லை. ஒருவர் எழுந்துபோன படுக்கையில் உடனே போய்ப் படுத்தால் இருக்குமே, அந்தச் சூடு. கூடவே வாசனையும் வந்தது. துவைக்காத தலையணையின் வாசனை. அது அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது, பத்து நொடிக்கு அவர் கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டார். அத்தனை அலுப்பும் கரைந்து போவது போல இருந்தது.

"என்ன மச்சான், அங்கேயே தூங்கிட்டியா?"

"சூடா இருக்கு, ஆல்டன்."

"சூடு மேலதானே போகும்."

"மேல போகும். இது கீழ இறங்குது."

ஆல்டன் ஏறிப் பார்த்தான். பழைய தகரக் கூரையையும் வெட்டினார்கள். அதற்கு மேலே பரப்பியிருந்த இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு கொத்துக்கொத்தாக விழுந்தது. ஆல்டன் தலையை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் டார்ச் அடித்தான்.

"பஞ்சு அமுங்கிக் கிடக்கு. நீளமா, வாய்க்கா மாதிரி. படுக்கையறைப் பக்கத்துல இருந்து இங்க வரைக்கும். ரக்கூனா இருக்கும், அதுதான் குளிருக்குக் கூரைக்குள்ள புகுந்து படுக்கும்."

"எவ்வளவு அகலம்?"

"பெரிய ரக்கூன்" என்றான் ஆல்டன்.

அப்புறம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. அக்டோபர் மாதம் குளிருக்கு வீட்டை இறுக்கியபோது, மேல்கூரையின் இரண்டு முனையிலும் இருந்த காற்றோட்டத் துவாரச் சட்டங்களை இவர்கள்தான் ஃபோம் பலகை வைத்து அடைத்துத் திருகாணி போட்டார்கள். காற்று புகுந்து சூடு எதற்கு வீணாக வேண்டும் என்று ஆல்டன்தான் யோசனை சொன்னான். இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். வடக்கு முனையில் ஒரு சட்டம் ஏற்கெனவே பெயர்ந்து தொங்கியது. உள்ளே பார்க்காமலே அடைத்தார்கள்.

"அப்ப அது உள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டு மாசமாச்சு, செத்திருக்கும்" என்றான் ஆல்டன்.

"செத்தது சூடா இருக்குமா?"

ஆல்டன் டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கினான்.

வெளியே வானம் ஈயம் பூசிய மாதிரி தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. மேல்கூரையில் இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு, பனியை ஒதுக்கி, தகரத்தை வெட்டி, குழாயை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கித் திருகினார்கள். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் காலி விட வேண்டும். மரம் தொட்டால் என்றைக்காவது ஒரு நாள் வீடு பற்றிக்கொள்ளும். டிரெய்லர் பற்றினால் ஆறு நிமிடத்தில் சாம்பல். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு அங்குல இடைவெளியை உள்கூரையில் ஒரு தகர வளையம் வைத்து மூடினால் வேலை முடிந்தது.

இரண்டு மணிக்கு ஆல்டனின் தொலைபேசி அடித்தது. பனி தள்ள உடனே வா என்றார்கள்.

"நீ மிச்சத்தைப் பாத்துக்கோ மச்சான். விடிஞ்சதும் வரேன். அக்கா, உடம்பு ஏதாவது ஒரு மாதிரி இருந்தா கூப்பிடு, லாரியையே திருப்பிக்கிட்டு வந்துடுவேன்."

அவன் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் தகர வளையம் அவன் வண்டியிலேயே போய்விட்டது ரோசேருக்குத் தெரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஏணியில் நின்றபடி குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். இரண்டு அங்குலம். எலிகூடக் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வர வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார். அந்த நேரத்தில் அவருக்கு நாளை என்பது தூங்கி எழுந்த பிறகு வருகிற ஒரு நல்ல இடமாகத் தோன்றியது.

மூன்று மணிக்கு அடுப்பு எரிந்தது. காய்ந்த பிர்ச் மரப்பட்டை படபடவென்று பிடித்து, தீ ஓங்கி, குழாய் புகையை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பொட்டுப் புகை உள்ளே வரவில்லை. ரோசேருக்குக் கண் கலங்கியது. இரண்டு வருடத்தில் அவர் கை வைத்து உருப்படியாக முடிந்த முதல் காரியம் அதுதான்.

"வா, இப்படி வந்து உட்காரு" என்று ஜெனீனின் சோபாவை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சுவரில் தொங்கிய ஃபாரன்ஹீட் வெப்பமானி ஐம்பதைத் தாண்டியது. அறுபது. எழுபத்திரண்டு. சன்னல் கண்ணாடியில் இருந்த பனிப்பூ கரைந்து வழிந்தது. ரோசேர் ஸ்வெட்டரைக் கழற்றினார். வாணலியில் பக்வீட் மாவை ஊற்றி நான்கு ப்ளோய் தோசை சுட்டு, வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒன்றைக் கையில் வாங்கினாள். அதன் ஆவி அவள் விரலுக்கு மேலே வரும் முன்பே நின்றுபோனது.

அவர் அவள் நெற்றியில் கை வைத்தார். இரும்புக் கேட்டைத் தொட்டது போல இருந்தது.

எண்பது. ரோசேரின் முதுகில் வியர்வை ஓடியது. ஜெனீனின் பல் தந்தியடித்தது. இன்னும் இரண்டு கட்டை வைத்தார். எண்பத்தைந்து. காய்ச்சல் கம்பியை அவள் நாக்கடியில் வைத்து எடுத்தார். தொண்ணூற்று நான்கு.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

ரக்கூன் நடக்கும் சத்தம் அவருக்குத் தெரியும். நகம் கீறும், துள்ளும், சண்டை போடும். இது நடக்கவில்லை. ஈரத்துணி மூட்டையை யாரோ பொறுமையாக இழுத்து வருவது போல, படுக்கையறைப் பக்கமிருந்து புறப்பட்டு, குளியலறைக்கு மேலே வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்து, கூடத்துக்கு வந்தது. சோபாவுக்கு நேர் மேலே நின்றது. பிறகு ஒரு நீளமான அமுங்கல். படுத்துக்கொள்கிற சத்தம்.

உள்கூரைப் பலகை அந்த இடத்தில் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பலகையைப் பிடித்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் பொத்தான்களில் ஒன்று தெறித்து, தரையில் உருண்டு, அடுப்புக் காலில் முட்டி நின்றது.

"ஜெனீன். எழுந்திரு. சமையலறைக்குப் போ."

"ஏன்?"

"சொன்னா கேளு."

போர்வையோடு அவளை நடத்திக்கொண்டுபோய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார். இருவரும் மேலே பார்த்தபடி இருந்தார்கள். அடுப்பில் கட்டை வெடித்தது. காற்று சுவரில் மோதியது. ஒரு நிமிடம். இரண்டு.

இழுபடும் சத்தம். கூடத்திலிருந்து சமையலறைக்கு. அவள் தலைக்கு மேலே. அமுங்கல்.

ஜெனீன் மட்டும் பயப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்" என்றாள்.

"எத்தனை நாளா?"

"வந்த முதல் குளிர்காலத்துலயே. நான் படுத்தா அதுவும் படுக்கும். புரண்டா புரளும். முதல்ல வீடு நெட்டி முறிக்குதுன்னு நினைச்சேன்."

"ஏன்டி சொல்லலை?"

ஜெனீன் அவரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. கோபப்படவும் கொஞ்சம் சூடு வேண்டும் போலிருக்கிறது.

"எப்பச் சொல்ல? நீ ராத்திரி வேலைக்குப் போறே, பகல்ல தூங்குறே. ரெண்டு வருஷமா ராத்திரி என் கூட இருந்தது அதுதான். அதுக்கும் குளிருது ரோசேர். முன்னெல்லாம் எங்கயாவது போகும், நாலு நாள் கழிச்சு வரும். அக்டோபர்ல இருந்து போகவே இல்லை."

அக்டோபர். அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. இத்தனை நாள் அவள் உடம்பிலிருந்து இறங்கிய ஒவ்வொரு டிகிரியும் எங்கே போனது என்று அவருக்குப் புரிந்தது. முன்பு அவள் சூட்டைக் கொஞ்சம் குடித்துவிட்டு வெளியே போய் வந்திருக்கிறது. இரண்டு முனையையும் அடைத்து, அதை அவள் தலைக்கு மேலேயே குடிவைத்தது அவரேதான். தன் கையாலேயே எட்டெட்டு திருகாணி போட்டு.

ஆல்டனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக் கிளம்பலாமா என்று சன்னல் வழியாகப் பார்த்தார். மணி நான்குகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது. வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. சாலை எங்கே, வயல் எங்கே என்று தெரியாத வெள்ளை, ஆம்புலன்ஸும் வர முடியாது. அதில் போய் பள்ளத்தில் இறங்கினால் அரைமணி நேரத்தில் அவள் போய்விடுவாள்.

அவர் அவளை மறுபடி அடுப்பருகே கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்று போர்வையும் போர்த்தினார். மேலே அது கூடவே வந்தது.

"நான் வெளிய போய் வடக்கு முனையைத் திறந்து விடுறேன். வழி கிடைச்சா அது போயிடும். பத்தே நிமிஷம். நீ இங்கயே இரு."

"இந்தக் குளிர்லயா? போகாது ரோசேர்."

"போகும்."

"நீ போவியா?"

கோட்டை மாட்டிக்கொண்டு, கடப்பாரையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

காற்று அவரைப் படியிலேயே உட்கார வைக்கப் பார்த்தது. முழங்கால் வரை பனி. சுவரைத் தடவியபடி வீட்டின் வடக்கு முனைக்கு நடந்தார். பதினைந்து கஜம்தான், ஏதோ ஓர் ஊருக்கு நடந்தது போல இருந்தது. ஏணியைப் பனியிலிருந்து பிடுங்கிச் சாத்தினார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். ஐம்பத்தெட்டு வயது. கால் கெஞ்சியது. இங்கேயே இந்தப் பனியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்ததில்லை என்பதும் தெரியும். ஏறினார்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஃபோம் பலகை இரண்டாகப் பிளந்து காற்றில் பறந்தது. உள்ளிருந்து அந்தச் சூடு வந்து முகத்தில் மோதவில்லை.

அங்கே சூடே இல்லை.

டார்ச் அடித்தார். இளஞ்சிவப்புப் பஞ்சு கடைசி வரை பரந்து கிடந்தது. நடுவில் அந்த வாய்க்கால். படுத்துப் படுத்து வழவழப்பான பள்ளம். படுக்கையறைக்கு மேலே அகலம். குளியலறைக்கு மேலே ஒடுக்கம். கூடத்துக்கு மேலே மறுபடி அகலம். அங்கே யாரும் இல்லை. வெளிச்சத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பினார். எஃகு பளபளத்தது. அதன் அடியில், அந்த இரண்டு அங்குல வட்டத்தைச் சுற்றி, பஞ்சு எல்லாம் உள்நோக்கி இழுபட்டுச் சரிந்திருந்தது. குளியலறைச் சாக்கடைத் துளையில் முடி சிக்கி இறங்குமே, அப்படி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கொத்து வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கீழே வீட்டுக்குள் ஜெனீன் சிரித்தாள்.

இரண்டு வருடமாக அவர் கேட்காத சிரிப்பு. கூச்சமும் சுகமுமாக, குளிர்ந்த காலைச் சுடுதண்ணீரில் வைத்தவள் சிரிப்பது போன்ற சிரிப்பு.

ஏணியிலிருந்து பாதி இறங்கினார், பாதி விழுந்தார். டார்ச் எங்கோ போனது. சுவர். பனி. சுவர். கை உணர்விழந்துவிட்டது. படி. கைப்பிடி. கைப்பிடி திரும்பவில்லை. தோளால் முட்டினார்.

கதவு திறந்தது.

மின்சாரம் போயிருந்தது. அடுப்பின் கண்ணாடி வழியாகச் செந்நிற வெளிச்சம் மட்டும் கூடத்தில் ஆடியது. சாய்வு நாற்காலியில் ஜெனீன் உட்கார்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து. கல்யாணமான வருடம் அவள் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள்.

"ரோசேர், குளிரவே இல்ல" என்றாள். "பாரேன். கொஞ்சம்கூடக் குளிரல."

"ஜெனீன். எழுந்து வா."

"கதவைச் சாத்து. காத்து வருது."

அவர் அசையவில்லை. போர்வை அவளைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னாலும் தரை வரை பருத்துக் கிடந்தது. மூன்று போர்வைதான் போர்த்தியிருந்தார். அது மூன்று போர்வையின் பருமன் இல்லை. அவள் மூச்சு இழுக்கும்போது போர்வை ஏறவில்லை. அவள் மூச்சு விட்ட பிறகு ஏறியது.

அவள் மடியைப் பார்த்தார். அங்கே கைகள் கோர்த்திருந்தன. இரண்டு அவளுடையவை. கல்யாண மோதிரம் மின்னியது. அவற்றை மேலே இருந்து பொத்திப் பிடித்திருந்தவை வேறு இரண்டு. தட்டையாக, எலும்பில்லாமல், நீளமாக. விரல்களில் இளஞ்சிவப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கடப்பாரை இன்னும் கையில்தான் இருந்தது. அதை ஓங்குவதற்கு எத்தனை பலம் வேண்டும் என்று அவர் உடம்பு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டது. நாற்காலிப் பக்கமிருந்து அந்தச் சூடு தரையோடு தரையாக நகர்ந்து வந்து அவர் பூட்ஸைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது. எழுந்துபோனவரின் படுக்கைச் சூடு. அவருக்கு அழுகை வந்தது.

"எத்தனை களைச்சுப் போயிருக்கே, பாவம்" என்றாள் ஜெனீன். "வா. உனக்கும் இடம் இருக்கு."

ரோசேர் கதவைச் சாத்தினார். கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். தரையில் உட்கார்ந்து, உறைந்த விரல்களால் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவருக்கு வழிவிட்டுப் போர்வையின் ஓரம் மெல்ல உயர்ந்தது. மடியிலிருந்த நான்கு கைகளும் அசையாமல் கோர்த்தபடியே இருந்தன.